முடியாத புரட்டாசி

சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்ததும் செங்கம்மாள் இடது கையிலிருக்கும் வெள்ளிக் காப்பை மணிக்கட்டிலிருந்து மேலே தள்ளுவாள். அது எங்கே போய் இறுகி நிற்கிறதோ அந்த இடத்தை ஒரு பார்வை பார்ப்பாள். பிறகு காப்பைக் கீழே இறக்கிவிட்டு, ஒன்றும் நடக்காதது போலச் சாப்பிடத் தொடங்குவாள்.

அந்த வீட்டில் இதைக் கவனித்தவள் மருமகள் கன்னியம்மா ஒருத்திதான். அறுபத்தாறாம் வருஷம் மீஞ்சூர்ப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் அவளுக்குக் குரல் எழும்பாது. சுவரோரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் வந்த புதிதில் மாமியாரின் காப்பு மணிக்கட்டுக்கு மேலே நாலு விரல் தூரம் ஏறும். வருஷம் போகப் போக மூன்று விரலானது, இரண்டானது. எழுபது வாக்கில் தள்ளினாலும் நகராமல் சதைக்குள் புதைந்து கிடந்தது. அப்போதும் செங்கம்மாள் தள்ளிப் பார்ப்பதை விடவில்லை.

அவர்கள் குப்பம் பழவேற்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே கிடக்கும் மணல் திட்டில் இருந்தது. ஆண்கள் ஏரியில் வலை போட்டார்கள். பெண்கள் விடியலில் கூடையோடு படகேறி, எதிர்க்கரையான சுண்ணாம்புக்குளத்தில் இறங்கி, பஸ் பிடித்துக் கும்மிடிப்பூண்டிக்குப் போய் விற்றார்கள். பெண்களை ஏற்றிப்போகும் படகு ஒன்றே ஒன்றுதான். அது தணிகாசலத்துடையது. அதில் இடம் உள்ளவளுக்கு வியாபாரம் உண்டு. இடம் இல்லாதவள் வீட்டோடு கிடந்து கருவாடு காயவைக்க வேண்டியதுதான்.

செங்கம்மாளுக்குக் கல்யாணமான மறுவாரத்திலிருந்து அந்தப் படகில் இடம் இருந்தது. அந்த இடத்தை அவள் தாலிக்கு அடுத்தபடியாக நினைத்தாள். வீட்டில் இருக்கும்போது முணுமுணுவென்று பேசுகிறவள், கும்மிடிப்பூண்டித் தெருவில் கால் வைத்ததும் ஆளே மாறிவிடுவாள். "மடவ மீனே! உசுரு மீனே!" என்று அவள் குரல் கொடுத்தால் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் இருப்பவர்கள் சட்டியைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். அவளுடைய பெருத்த உடம்பே அவள் மீனுக்கு விளம்பரம். "செங்கம்மாவப் பாரு, மீன் துன்னு எப்படிக் கீறா!" என்று சொல்லித்தான் வாங்குவார்கள். அவளும் சிரித்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்து காப்பைத் தள்ளிப் பார்ப்பாள்.

எழுபத்தோராம் வருஷக் கோடையில் ஏரி நன்றாக வற்றியது. ஏரியின் நடுவே கிளிஞ்சல் படிந்து இறுகிய மேடுகள் உண்டு. தண்ணீர் குறைந்தால் படகின் அடி அவற்றில் தட்டி நின்றுவிடும். அப்படி நிற்கும்போதெல்லாம் தணிகாசலம் கழியை ஊன்றிக்கொண்டு ஒரே ஆளைத்தான் பார்ப்பான்.

"செங்கம்மா, எறங்கு."

"நான் மட்டும் ஏண்ணா எறங்கணும்? பன்னெண்டு பேரு குந்திக்கினு கீறாங்க."

"அவுங்க பன்னெண்டு பேரு எறங்குறதும் சரி, நீ ஒருத்தி எறங்குறதும் சரி. எறங்கு, எறங்கு. நாழியாவுது."

அவள் இறங்கினால் படகு நிஜமாகவே மிதந்துவிடும். அதைப் பார்த்துப் பூவம்மாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். பூவம்மாளும் மீன்காரிதான், செங்கம்மாளுக்கு அடுத்த கூடை அவளுடையது. "பாருங்கடி, கல்ல எறக்குனா மாதிரி மெதக்குது!" என்பாள். படகு போய்க்கொண்டிருக்கும். செங்கம்மாள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கூடையைத் தலையில் வைத்து, தண்ணீரில் அதன் பின்னாலேயே நடப்பாள். ஆழம் வரும் இடத்தில் ஏறிக்கொள்வாள். அடுத்த மேடு வந்தால் மறுபடியும் இறங்குவாள். அந்தக் கோடை முழுவதும் இப்படித்தான் போனது. ராத்திரியில் முட்டியைப் பிடித்துக்கொண்டு முனகுவாள். கன்னியம்மா விளக்கெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவாள்.

ஆவணியில் ஒருநாள் திடீரென்று காற்றடித்தது. படகு ஒருபுறம் சாய்ந்து தண்ணீர் உள்ளே வந்துவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. கூடைகள் நனைந்தன, அவ்வளவுதான். ஆனால் கரை சேர்ந்ததும் தணிகாசலம் எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டான்.

"இதான் கடசி. மழ புடிச்சா உன்ன ஏத்த மாட்டேன். ஐப்பசிலேருந்து உன் மருமவள அனுப்பு. ஒரு ஆளு எடத்துல ஒரு ஆளு குந்தணும்."

"எத்தினி வருசமா வர்றேண்ணா நானு."

"வருசத்த கேக்கல. எடயத்தான் சொல்றேன். எளச்சிட்டு வா, தைல ஏத்திக்கிறேன். போ."

எல்லாரும் சிரித்தார்கள். அவன் வேடிக்கைக்குச் சொன்னது அது. செங்கம்மாள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அதைக் கேட்டுப் பயந்தவள் கன்னியம்மாதான். தெருவில் நின்று மீன் மீன் என்று கத்துவதை அவளால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

புரட்டாசி பிறந்தது. அந்தக் குப்பத்தில் முக்கால்வாசிப் பேர் பெருமாளைக் கும்பிடுகிறவர்கள். புரட்டாசி முழுக்க மீன் தொடமாட்டார்கள். பிடிப்பார்கள், விற்பார்கள், ஆனால் வீட்டு அடுப்பில் ஏற்றமாட்டார்கள். செங்கம்மாள் வீட்டிலும் மீன் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாகிவிட்டது. முருங்கைக்கீரை, சுரைக்காய், கொள்ளுத் துவையல் என்று நாள் ஓடியது. மாசக் கடைசியில் ஒருநாள், சாப்பிட உட்கார்ந்த செங்கம்மாள் காப்பைத் தள்ளினாள். அது அரை விரல் நகர்ந்தது.

கன்னியம்மாவுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அத்த, வருசா வருசம் பொரட்டாசில அது மேல ஏறுது. தீவாளிக்கு அப்பால எறங்கிடுது" என்றாள்.

செங்கம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷமாகத் தன்னை ஒருத்தி பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள் என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கோபித்துக்கொள்வாள் என்று கன்னியம்மா பயந்தாள். ஆனால் அவள் தன் முன்னால் இருந்த தட்டைத் தொட்டுக் காட்டினாள்.

"மீன் ஒண்ணியும் பண்ணல கன்னிம்மா. மீன் கொழம்பு இருந்தா சோத்துக்கு அளவு தெரியாம போவுது. மூணு வாட்டி போட்டுக்கிறேன். அப்பால கொழம்பு சட்டில மிச்ச சோத்தப் போட்டு பெசஞ்சி தொடச்சி துன்றேன். கீரைக்கு எவ சட்டிய தொடைப்பா?"

அது உண்மைதான். குழம்புச் சட்டியைத் துடைத்துச் சாப்பிடும் அந்தக் கடைசிச் சோற்றுக்காகவே செங்கம்மாள் எல்லாருக்கும் பின்னால் சாப்பிட உட்காருவாள்.

ஐப்பசி முதல் தேதியன்று குப்பமே மணந்தது. ஒரு மாசமாக வாய் கட்டியிருந்தவர்கள் வீட்டுக்கு வீடு குழம்பு கொதிக்கவைத்தார்கள். செங்கம்மாளின் புருஷன் திருமலை விரல் தடிமனுக்கு முட்டை வைத்த மடவையாகப் பொறுக்கிக்கொண்டுவந்து போட்டான். செங்கம்மாள் தானே ஆய்ந்து, தானே மசாலா அரைத்து, குழம்பு வைத்தாள். புருஷனுக்கும் மகன் பூவராகவனுக்கும் கன்னியம்மாவுக்கும் போட்டாள். தனக்கு ஒரு உருண்டை கேழ்வரகுக் களியும் கீரையும் எடுத்துக்கொண்டாள்.

திருமலை மெல்லுவதை நிறுத்தினான். "இன்னாமே இது? பொரட்டாசி முடிஞ்சிபோச்சி."

"உனக்கு முடிஞ்சிது. எனக்கு முடியல."

"எப்ப முடியும்?"

"தணிகாசலம் ஏத்திக்கிற அன்னிக்கி பாக்கலாம்."

அந்த மழைக்காலம் அவர்கள் வீட்டுக்கு நல்ல காலமாக இல்லை. கன்னியம்மா கூடையோடு போனாள். தெருமுனையில் நின்றாள். யாராவது "இன்னாம்மா மீன்?" என்று கேட்டால் மட்டும் சொன்னாள். கேட்காவிட்டால் நின்றுகொண்டே இருந்தாள். பாதிக் கூடை திரும்பி வந்தது. திரும்பி வந்த மீனை உப்புப் போட்டுக் காயவைக்கவும் வெயிலில்லை. செங்கம்மாள் ஒரு வார்த்தை கடிந்து சொல்லவில்லை. வழியில் மீனுக்கு மாற்றாகக் கீரையும் பூசணியும் வாழைத்தண்டும் வாங்கி வரச் சொன்னாள். அந்த வேலையைக் கன்னியம்மா நன்றாகவே செய்தாள். கொல்லைக்காரப் பெண்களிடம் மெதுவாகப் பேசினால் போதும்.

வீட்டில் செங்கம்மாள் பட்ட பாட்டைக் கன்னியம்மா ஒருத்திதான் பார்த்தாள். முதல் சில வாரம் தலைவலி, எரிச்சல். எடுத்ததற்கெல்லாம் சள்ளென்று விழுவாள். மீன் பொரியும் நேரத்தில் எழுந்துபோய், கரையில் கவிழ்த்துப் போட்டிருக்கும் படகின்மேல் மழைத் தூறலில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் பட்டப்பகலில், ஆளில்லை என்று நினைத்து, குழம்புச் சட்டியின் மூடியைத் திறந்தாள். முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மோந்தாள். கை சோற்றுப் பானைப் பக்கம் நீண்டது. பிறகு மூடியைப் பட்டென்று போட்டுவிட்டுச் சட்டியைப் பார்த்து, "போடி" என்றாள். கன்னியம்மா கதவுக்குப் பின்னால் மூச்சுவிடாமல் நின்றாள்.

தை பிறந்தபோது காப்பு மூன்று விரல் ஏறியது. ரவிக்கையைக் கன்னியம்மா இரண்டு தரம் பிடித்துத் தைத்திருந்தாள். பொங்கல் கழிந்த மறுநாள் செங்கம்மாள் கூடையோடு கரையில் போய் நின்றாள். தணிகாசலம் அவளை மேலும் கீழும் பார்த்தான். பேச்சு அவனுடையது, மாற்றிப் பேச வழியில்லை. "ஏறு" என்றான்.

அத்தோடு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஏறினவள் அன்று வீட்டுக்கு வந்து மீன் தின்பாள் என்று திருமலை காத்திருந்தான். அவள் களியைத்தான் எடுத்தாள்.

"இன்னும் இன்னாத்துக்குமே?"

"ஒடம்பு திருப்பி ஏறிக்கிட்டா யாரு எறக்குறது? முட்டி வலிக்கில. தூக்கம் வருது. எனக்கு இதுவே நல்லா கீது."

குப்பத்துக்கு அது நல்லதாகப் படவில்லை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. தண்ணீர்மேல் போகிறவன் செத்தால், அவன் வீட்டு அடுப்பில் கருமம் முடிகிறவரை மீன் ஏறாது. கருமம் முடிந்த மறுநாள் உறவுக்காரி ஒருத்தி வாழையிலையில் ஒரு மீனைக் கொண்டுவந்து வாசலில் வைப்பாள். அதைக் குழம்பு வைத்துத் தின்றபிறகுதான் தாலி அறுத்தவள் மறுபடியும் மீன் தொடலாம். புரட்டாசியில் மீனை விடுவது பெருமாளுக்கு. மற்ற மாசத்தில் விடுவது பிணத்துக்கு. புருஷன் உயிரோடு ஏரியில் நிற்கும்போது பெண்டாட்டி மீனை ஒதுக்கினால், அவள் எமனுக்குப் பாய் விரித்து வைக்கிறாள் என்று அர்த்தம்.

முதலில் ஜாடையாகப் பேசினார்கள். பிறகு அவளுக்குக் காசம், எளைப்பு நோய் என்றார்கள். கும்மிடிப்பூண்டி வரைக்கும் அந்தப் பேச்சைப் பூவம்மாளே கூடையில் வைத்துக் கொண்டுபோனாள். அங்கே வாடிக்கைக்காரப் பெண் ஒருத்தி முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

"இன்னா செங்கம்மா, நீயே துண்ணாத மீன நாங்க துண்ணணுமா? மருந்து கிருந்து போட்டு வச்சிக்கிறியா?"

"ஏம்மா, வளையக்காரன் வளையல் போட்டுக்கினா விக்கிறான்? செவுள தூக்கிப் பாரு. செவப்பா இருந்தா எடு. இல்லாங்காட்டி உட்டுடு."

அந்த அம்மாள் செவுளைத் தூக்கிப் பார்த்தாள். எடுத்துக்கொண்டு போனாள்.

மாசி மாசம் ஒருநாள் காலையில் கன்னியம்மா வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தாள். வாசற்படியில் வாழையிலை. இலையில் ஒரு மடவை. பக்கத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு பூவம்மாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் பார்க்கவென்றே நின்றார்கள். கன்னியம்மாவின் கையிலிருந்து சாணித் தண்ணீர்ச் சொம்பு விழுந்துவிட்டது.

"உங்க மாமியாரக் கூப்புடு. யாரும் கொணாந்து வைக்கலன்னுதான துண்ணாம கீறா? நான் வச்சிட்டேன்."

செங்கம்மாள் வெளியே வந்தாள். இலையைப் பார்த்தாள், பூவம்மாளைப் பார்த்தாள். கத்துவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எல்லாரும் எதிர்பார்த்தார்கள். அவள் குனிந்து மீனை எடுத்து, செவுளைத் தூக்கிப் பார்த்தாள்.

"நேத்து மீன் கொணாந்திருக்கிற. கருமத்துக்குக் கூடவா பழசு?" என்றாள். "இரு. போயிடாத."

வாசலிலேயே உட்கார்ந்து செதிலைச் சீவினாள், வயிற்றைக் கிழித்துக் கழுவினாள். அடுப்பை வெளியே இழுத்துப் போட்டு மூட்டினாள். புளி கரைத்து, கன்னியம்மா அரைத்துக் கொடுத்த மசாலாவைப் போட்டு, கூடியிருந்தவர்கள் கால் மாற்றி மாற்றி நிற்கிற வரைக்கும் நிதானமாகக் குழம்பு வைத்தாள். உள்ளே தூங்கிக்கொண்டிருந்த திருமலையைத் தட்டி எழுப்பி, பழைய சோற்றோடு வாசலில் உட்காரவைத்தாள்.

"இன்னாது காலங்காத்தால?"

"நீ செத்துட்டியாம். உன் கருமத்து மீனு. துன்னு."

திருமலை சுற்றி நின்றவர்களைப் பார்த்தான். அவனுக்குப் பயம் இல்லாமல் இல்லை. தை மாசத்திலிருந்தே படகில் காலை வைக்கும்போது அவன் இரண்டு தரம் கும்பிட்டுக்கொள்வதைக் கன்னியம்மா பார்த்திருக்கிறாள். ஆனால் குழம்பு வாசம் மூக்கில் ஏறிவிட்டது. ஒரு துண்டை எடுத்து வாயில் போட்டு, முள்ளை உறிஞ்சித் துப்பினான்.

"உப்பு கொஞ்சம் கம்மி. செத்தவனுக்குப் போதும்" என்றான்.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். பூவம்மாள் விருட்டென்று திரும்பி நடந்தாள். "பூவம்மா, நாளைக்கி கொணாந்தா கொடுவா கொணா! மடவைல முள்ளு சாஸ்தி!" என்று செங்கம்மாள் கும்மிடிப்பூண்டிக் குரலில் கத்தினாள்.

ஆனால் அந்தப் பங்குனியில் இறால் படவில்லை. ஐஸ் பெட்டியோடு கரைக்கு வந்த வியாபாரிகள் வெறும் பெட்டியோடு திரும்பினார்கள். வலைக்குப் பாசிதான் வந்தது. ஆண்கள் கரையில் குந்திக்கொண்டு யோசித்தார்கள். யோசனை கடைசியில் செங்கம்மாள் வீட்டு அடுப்பில் போய் நின்றது. ஊர் கூடியது. ஊர்த் தலைவரான நாட்டார் ரங்கசாமி நல்ல மனுஷன்தான், அதிர்ந்து பேசமாட்டார்.

"இன்னாம்மா செங்கம்மா, ஊரு பேசுறது உன் காதுல உழுவுதா?"

"உழுவுது மாமா. ரெண்டு காதும் நல்லாத்தான் கீது."

"பெருசா ஒண்ணியும் இல்ல. ஊரு பாக்க ஒரு துண்டு. ஒரே ஒரு துண்டு வாயில போட்டுக்கினு போயிடு. அத்தோட சரி."

"அந்தத் துண்டு என் வாய்க்கா மாமா, ஊரு வாய்க்கா?"

தணிகாசலம் எழுந்தான். "பாத்தீங்களா, எப்படிப் பேசுறான்னு! இவ காலு வச்ச படகுல மத்தவங்க ஏற பயப்புடுறாங்க. புருசன் உசுரப் பத்தி கவல இல்லாதவ."

அதற்குத் திருமலை பதில் சொன்னான். கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லாதவன், துண்டை முறுக்கிக்கொண்டே பேசினான். "செத்தா நான்தான சாவணும்? எனக்கே பேஜாரு இல்ல, உனுக்கு இன்னாத்துக்கு? அவ பங்கு மீனும் சேத்து நான்தான் துன்னுக்கினு கீறேன். மின்ன விட பலமா கீறேன்."

சிரிப்பு எழுந்தது. ஆனால் சிரித்தவர்களே தீர்ப்பும் சொன்னார்கள். செங்கம்மாள் மீன் தின்கிறவரை படகில் அவளுக்கு இடம் கிடையாது.

கன்னியம்மா பெண்கள் பக்கத்தில் கடைசியில் உட்கார்ந்திருந்தாள். மாமியாரின் வலது கை காப்பைத் தேடிப் போவதைப் பார்த்தாள். சோறு இல்லாத இடத்தில் அவள் அதைத் தொட்டது அதுதான் முதல் தடவை. காப்பு முழங்கைக்குக் கிட்டே போய் நின்றது.

"குண்டா இருந்தேன், எடம் இல்லன்னீங்க. எளச்சிட்டு வான்னீங்க, எளச்சேன். இப்பவும் எடம் இல்லன்றீங்க. அப்போ என் ஒடம்புல இல்ல வெனை. நான் வாயைக் கட்டிக்கினது உங்களுக்குப் புடிக்கில. சரி. படக நீங்களே வச்சிக்குங்க. ஏரிய யாரும் பொட்டில போட்டு பூட்டலியே" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டாள்.

மறுநாள் விடியலில் அவள் கூடையை எடுத்தபோது கன்னியம்மாவும் எழுந்தாள். யாரும் அவளைக் கூப்பிடவில்லை. புடவையை முழங்காலுக்கு மேலே இழுத்துச் செருகிக்கொண்டு இரண்டாவது கூடையைத் தலையில் வைத்தாள். செங்கம்மாள் மூலையில் கிடந்த டயர் செருப்பு இரண்டு ஜோடியை எடுத்து, கால் விரலோடு கயிறு போட்டுக் கட்டினாள். "கிளிஞ்சல் அறுக்கும்" என்றாள்.

கரையில் படகு புறப்படத் தயாராக நின்றது. உள்ளே இருந்தவர்கள் பார்க்கப் பார்க்க இரண்டு பேரும் தண்ணீரில் இறங்கினார்கள்.

"அத்த, ஆழம்?"

"போன வருசம் கோடை பூரா தணிகாசலம் என்ன எறக்கி எறக்கி நடக்க வச்சான் பாரு. எந்த எடத்துல மேடு, எந்த எடத்துல சேறுன்னு இந்தக் காலுக்குத் தெரியும். என் பின்னாலயே வா. நான் வச்ச எடத்துல வையி."

படகுக்கு மேடு ஆகாது. அது மேடுகளைச் சுற்றிச் சுற்றி, ஆழமான ஓடை வழியாகத்தான் போயாக வேண்டும். நடக்கிறவளுக்கு மேடுதான் வழி. செங்கம்மாள் கிளிஞ்சல் மேட்டிலிருந்து கிளிஞ்சல் மேட்டுக்கு நேராகப் போனாள். முழங்கால் தண்ணீர், சில இடத்தில் இடுப்பு. நடுவே ஒரு இடத்தில் மட்டும் மார்புவரைக்கும் வந்தது. கன்னியம்மா கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். முன்னால் போகிறவளின் முதுகை மட்டும் பார்த்துக்கொண்டு நடந்தாள். போன வருஷம் இந்த முதுகு படகின் பின்னால் இரைக்க இரைக்க வந்தது. இன்று கூடை ஆடாமல் போனது.

சுண்ணாம்புக்குளக் கரையில் ஏறித் திரும்பிப் பார்த்தார்கள். படகு தூரத்தில் மேட்டில் தட்டி நின்றது. தணிகாசலம் கழியை ஊன்றிக்கொண்டு யாரை இறக்குவது என்று பார்த்துக்கொண்டிருந்தான். செங்கம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு முதல் பஸ்ஸைப் பிடித்தார்கள்.

அந்த நாட்களில் கும்மிடிப்பூண்டியைச் சுற்றிப் புதிதாகக் கம்பெனிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. சித்தாள்களும் மேஸ்திரிகளும் வேலைக்கு இறங்குவதற்கு முன்பே மீன் வாங்கிச் சோறாக்கி வைத்துவிடுவார்கள். முதல் பஸ்ஸில் வருகிறவளுக்குத்தான் அந்த வியாபாரம். படகில் வருகிறவர்கள் வந்து சேர்வதற்குள் செங்கம்மாளின் இரண்டு கூடையும் காலியாகியிருக்கும். எளைப்பு நோய் என்ற பேச்சு அந்தச் சித்தாள்களிடம் எடுபடவில்லை. ஏரியை நடந்தே தாண்டி வருகிறவளுக்கு என்ன நோய்?

சித்திரைக் கடைசியில் ஒருநாள் பின்னால் தண்ணீர் சலசலக்கும் சத்தம் கேட்டுக் கன்னியம்மா திரும்பினாள். பூவம்மாள் கூடையோடு வந்துகொண்டிருந்தாள்.

"இன்னாடி மொறைக்கிற? குந்தி குந்தி காலு மரத்துப்போச்சின்னு எறங்குனேன்."

செங்கம்மாள் திரும்பிக்கூடப் பார்க்காமல் நடந்தாள். "எடப்பக்கம் சேறு. வலப்பக்கமா வா" என்று மட்டும் சொன்னாள். அடுத்த வாரம் இன்னும் மூன்று பேர் வந்தார்கள். தணிகாசலத்தின் படகில் அந்தக் கோடையில் தாராளமாகக் காற்று வாங்கலாம் போலிருந்தது.

மறுபடியும் ஐப்பசி வந்தது. மழை பிடித்தது. முகத்துவாரம் திறந்து கடல் தண்ணீர் உள்ளே ஏறியது. இறால் வந்தது, வலை கிழிகிற அளவுக்கு வந்தது. செங்கம்மாள் அப்போதும் களிதான் தின்றுகொண்டிருந்தாள். ஆனால் இறால் வந்ததற்கு அவள் அடுப்பைக் காரணமாக யாரும் சொல்லவில்லை. ஏரியில் ஆளுயரம் தண்ணீர். இனிமேல் நடக்க முடியாது.

படகேற வேண்டிய முதல் நாள் காலையில் கன்னியம்மா கரைவரை கூடவே வந்தாள். படகில் எல்லாரும் ஏறியாகிவிட்டது. செங்கம்மாள் யாரையும் கேட்காமல் கூடையைப் படகின் முன்பக்கத்தில் வைத்தாள்.

தணிகாசலம் கழியைக் குறுக்கே நீட்டினான். "துன்னியா?"

"இல்ல."

"ஊரு சொன்னது ஞாபகம் கீதா?"

"கீது. நீ சொன்னதும் ஞாபகம் கீது. எளச்சிட்டு வா, ஏத்திக்கிறேன்னு சொன்ன. நான் எளச்சிட்டு வந்துட்டேன். நீதான் இன்னும் உன் பேச்சுக்கு வந்து சேரல."

அவன் மற்ற பெண்களைப் பார்த்தான். யாராவது எழுந்து பயமாக இருக்கிறது என்று சொன்னால் அவனுக்குத் தோதாக இருந்திருக்கும். பூவம்மாள்தான் வாயைத் திறந்தாள்.

"தோ பாருண்ணா, அவளுக்கு எடம் இல்லன்னா என் கூடையையும் எறக்கு. சித்திரைல அவ காலப் பாத்துதான் நான் நடக்கணும். இப்ப மொறைச்சிக்கினா அப்போ என்ன சேத்துல உட்டுருவா." பிறகு நகர்ந்து உட்கார்ந்து பலகையைத் தட்டினாள். "ஏறுமே. அரை ஆளு எடம் போதும் உனக்கு."

செங்கம்மாள் ஏறி உட்கார்ந்தாள். தணிகாசலம் நீட்டிய கழியை இழுத்துக்கொண்டான். அதைத் தண்ணீரில் ஊன்றினான். படகு நகர்ந்தது. கரையில் நின்ற கன்னியம்மா அது சின்னதாகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள். கூப்பிட வேண்டும் போலிருந்தது. கூப்பிடவில்லை, அவளுக்கு இன்னும் அவ்வளவு குரல் இல்லை.

இது நடந்து ஆறு வருஷமாகிறது. இப்போது எழுபத்தெட்டு. அந்த வீட்டு அடுப்பில் இரண்டு சட்டி ஏறுகிறது, ஒன்று மீனுக்கு, ஒன்று கீரைக்கு. திருமலை உயிரோடு இருக்கிறான், வலைக்குப் போகிறான், இரண்டு பங்கு மீன் தின்கிறான், தொப்பை போட்டுவிட்டது. செங்கம்மாளுக்கு மழைக்காலத்தில் முட்டி இன்னும் லேசாக வலிக்கத்தான் செய்கிறது. ஊர் தன் தீர்ப்பைத் திருப்பி வாங்கவுமில்லை, அவள் ஒரு துண்டு மீன் தொடவுமில்லை. மழைக்காலத்தில் படகின் முன்பலகையில் உட்கார்ந்து போகிறாள், கோடையில் ஏரியை நடந்து தாண்டுகிறாள். சோற்றுக்கு முன்னால் காப்பைத் தள்ளிப் பார்ப்பதை மட்டும் விடவில்லை. அது முழங்கைக்கு ஒரு விரல் கீழே நிற்கிறது.